அப்பாவோடு ஆடிய வால்ட்ஸ்

போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது என் ஜோடிக்கு அம்மை போட்டுவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. இன்று ஜோடி நடனப் போட்டிகளில் ஆடுவதுதான் என் பிழைப்பு. வருடத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் யாராவது ஒருவர், விருத்தாசலத்துப் பெண்ணுக்கு வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு நடனம் எப்படி வந்தது என்று கேட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊர் பீங்கானுக்குப் பெயர்போனது. கோப்பை செய்வார்கள், பொம்மை செய்வார்கள், மின்கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைக் குமிழ் செய்வார்கள். வால்ட்ஸ் அங்கே விளையாது. அது ஒரு வங்கி மேலாளரின் இடமாற்றத்தோடு வந்தது.

மேலாளரின் மனைவி கோவாக்காரர். எங்கள் ஊர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஜங்ஷன் போகிற வழியில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்பின் மாடியை வாடகைக்குப் பிடித்து, ‘டான்ஸ் கிளாஸ்’ என்று பலகை மாட்டினார். அப்பா அதைப் பரதநாட்டியம் என்று நினைத்து என்னைச் சேர்த்துவிட்டார். இரண்டாவது வாரம் என்னை அழைத்துப்போக வந்த அம்மா, அரிசி மில்காரர் வீட்டுப் பையன் என் முதுகில் கை வைத்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னா கூத்துங்க இது? ஊரே சிரிக்கும்” என்றாள் அன்று வீட்டில்.

“புள்ள சந்தோசமா இருக்குது. வுடு” என்றார் அப்பா. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கவில்லை. ஆனால் வகுப்பு நாட்களில் மட்டும் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகக் கழுவப்பட்டன.

ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. பிறகுதான் புதுச்சேரியில் குழந்தைகளுக்கான அந்தப் போட்டி வந்தது. மேலாளருக்கு அந்த ஜூனில் மறுபடியும் மாற்றல் என்பது தெரிந்திருந்ததால், டீச்சர் எங்களுக்குச் செய்யக்கூடிய கடைசிக் காரியமும் அதுதான். ரோஜா நிறத்தில் எனக்கு ஒரு பாவாடையை அவரே தைத்திருந்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு, மில்காரர் வீட்டுக்குப் போய்ப் பையனுக்குக் காட்டலாமென்று கிளம்பினேன். அங்கே வாசல் நிலையில் வேப்பிலை கட்டியிருந்தது. அவனுடைய அக்கா ஜன்னல் வழியாகவே, “உள்ள வராத, தம்பிக்கு அம்மா வந்திருக்குது” என்றாள். நான் தெருவில் நின்று அழுதேன். அம்மை போட்ட வீட்டின் முன்னால் அழக்கூடாது என்று சொல்லி அந்த வழியே போன ஒருவர் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா, வேலை முடிந்த கையோடு பாவாடையைத் திருப்பிக் கொடுக்க டீச்சரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

இங்கே அப்பாவின் வேலையைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு பீங்கான் கம்பெனியில் பச்சைக் கோப்பைகளைத் தூக்குகிறவர். சக்கரத்திலிருந்து இறங்கிய, இன்னும் சுடாத கோப்பைகளை ஆள் நீளப் பலகையில் இரண்டு வரிசையாக அடுக்குவார்கள். அந்தப் பலகையைத் தோளில் வைத்து, காயவைக்கிற கொட்டகைக்கும் பிறகு சூளைக்கும் கொண்டுபோக வேண்டும். குதிகால் அழுந்த நடந்தால் கோப்பை நசுங்கும். வழியில் எதிரே பலகையோடு வருகிறவர்களுக்குத் தோளைச் சாய்க்காமல் விலக வேண்டும். பதினெட்டு வருடமாக அவர் வெறுங்காலோடு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நாங்கள் போனபோது மாடியில் நான்கு ஜோடிகள் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தன. டீச்சர் எதிர்க்கோடியில் நின்றார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுழலுகிற பிள்ளைகளின் நடுவிலேயே நேராக நடந்து போனார். ஒருவர் மேலும் படவில்லை. யாருக்காகவும் நிற்கவும் இல்லை. ஒரு ஜோடி அவரை நோக்கி வந்தது. அவர் எப்படி விலகினார் என்று தெரியாமலே விலகி அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

“சார், நீங்க திரும்பப் போய் இன்னொரு வாட்டி நடந்து வாங்க” என்றார்.

அப்பா குனிந்து தரையைப் பார்த்தார். “காலுல மண்ணு இருந்துதுங்களா மேடம்? தொடச்சிட்டுப் போறேன்.”

“மண்ணு இல்ல சார். சும்மா நடங்க.”

அப்பா நடந்தார். மறுபடியும் ஒருமுறை நடக்கச் சொன்னார் டீச்சர். காலில் ஏதோ கோளாறு கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் பயந்தேன். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அப்பாவின் எதிரில் நிறுத்தி, அவருடைய கையை எடுத்து என் முதுகில் வைத்தார். புதிதாக ஆட வருகிறவர்கள் பிரிவில் பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் ஆடலாமாம். விதியில் இடம் இருக்கிறதாம். அப்பாவின் முகம் அப்போது போன போக்கை நான் இதுவரை வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு, “சரிங்க மேடம்” என்றார்.

முதல் நாள் பயிற்சி மோசம். கால்கள் நன்றாகத்தான் போயின. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நின்றுவிடுவார். மூன்று மூன்றாக எண்ணுகிற அந்த இசையில் எங்கே ‘ஒன்று’ வருகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு வீட்டில் என் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, நான் இந்தக் கால முன்னாடி வச்சா, நீ எந்தக் காலப் பின்னாடி எடுக்கிற?”

“அது உனக்கு எதுக்குப்பா? அது பொண்ணு வைக்கிற ஸ்டெப்பு.”

“தெரிஞ்சிக்கிறேன், சொல்லு.”

நான் பெரிய மனுஷி போலச் சலித்துக்கொண்டு பெண்ணின் காலடிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரைந்து கொடுத்தேன். அவர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அம்மா அடுப்படியிலிருந்து, “நாப்பது வயசுல அரங்கேத்தம்” என்றாள்.

அந்த வாரம் அப்பா இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். பகலில் அவர் வீட்டில் தூங்குவதாக அம்மா சொன்னாள். நான் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். மாலையில் வகுப்புக்கு வந்தால் முந்தின நாளைவிட அப்பா நன்றாக ஆடினார். மூன்றாம் நாள் திருப்பத்தில் நான்தான் தடுமாறினேன். அவர் தடுமாறவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து, “வீட்டுல சொல்லிக்குடுத்தியா?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாலும், ஆமாம் என்று தலையாட்டினேன்.

போட்டிக்கு நெய்வேலி, வடலூர், கடலூர் என்று பஸ் மாறிப் போனோம். நான், அப்பா, டீச்சர். அம்மா வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பார்த்தால் பட்டுச் சேலையில் நின்றிருந்தாள். “உங்கப்பாவுக்குக் கோட்டு மாட்டத் தெரியாது, அதுக்குத்தான்” என்றாள். கோட்டு போட்டோ ஸ்டூடியோவில் இரவல் வாங்கியது. ஷூ, அப்பாவின் பீங்கான் கம்பெனி முதலாளியின் மகனுடையது. இரண்டு அளவு பெரிது; முனையில் செய்தித்தாளைத் திணித்திருந்தோம்.

ஆறு ஜோடிகள். எங்களைத் தவிர எல்லாரும் பிள்ளைகள். பாட்டு தொடங்கியதும் அப்பா குனிந்து ஒருமுறை காலைப் பார்த்துக்கொண்டார். முதல் சுற்று முழுக்க அவர் ஷூவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்; காலைத் தூக்கித் தூக்கி, சேற்றில் நடப்பது போல வைத்தார். இரண்டாவது திருப்பத்தில் இடது கால் ஷூ கழன்று, பளபளப்பான மரத்தரையில் வழுக்கிக்கொண்டே போய் நடுவர் மேசையருகில் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பாப்பா, வுடாத” என்றார் அப்பா. அடுத்த அடியில், நிற்காமலே, வலது ஷூவையும் உதறிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை இன்றும் என் உடம்பு நினைவு வைத்திருக்கிறது. தரை காலுக்குக் கிடைத்ததும் அப்பாவின் தோள் இறங்கியது, கழுத்து நிமிர்ந்தது. நான் அடி எடுத்து வைப்பதே எனக்குத் தெரியவில்லை. மற்ற ஜோடிகளின் நடுவே, உடையக்கூடிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவது போல, என்னைக் கொண்டுபோனார். ஒரு சுற்றில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் ஓயாமல் அசைந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்து முருகன் கொளஞ்சியப்பருக்கு ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

நாங்கள் நான்காவதாக வந்தோம். ஷூ போனதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்களாம். நான் அழுதுகொண்டிருந்தபோது நடுவர்களில் ஒரு வயதான பெண்மணி அப்பாவின் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். புதுச்சேரியில் அவரே வகுப்பு நடத்துகிறாராம். “ஞாயித்துக்கிழமைல பொண்ண கூட்டிக்கிட்டு வாங்க. நீங்களும் வந்தா ஆடலாம்” என்றார். அப்பா முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார். எட்டு வருடம் ஞாயிறுதோறும் அந்த வகுப்பின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட உள்ளே வந்து ஆடவில்லை. மற்றதெல்லாம், சென்னை, மும்பை, வெளிநாடு எல்லாம், அங்கேயிருந்து வந்ததுதான்.

திரும்பும்போது கடலூரில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. டீச்சர் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அவளுடைய வலது கட்டைவிரல் நகம் முழுக்கக் கறுத்திருந்தது. இடது காலில் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன.

“என்னாம்மா ஆச்சி?”

“அம்மிக் குழவி வுழுந்துடுச்சி” என்றாள் அம்மா. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, இருட்டத் தொடங்கியிருந்த சவுக்குத் தோப்புகளை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. வலியில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நகம் அப்படிக் கறுப்பதற்கு என்ன காரணம் என்பது, பிற்பாடு என் ஜோடிகள் என் காலை மிதித்து மிதித்து எனக்கே பலமுறை கறுத்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அம்மாவின் மேல் பாவமாகத்தான் இருந்தது. அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு காலிலுமா குழவியைப் போட்டுக்கொள்வது, இனிமேல் பார்த்து அரைக்க வேண்டும் என்று வடலூர் வரும்வரை அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன்.