குமிழ் இல்லாத கிட்டார்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர்கூட அப்படித்தான். பத்தொன்பது வருடமாக அதே இருட்டறை, அதே கனத்த ஈய அங்கி, ஒரு நாளைக்கு எழுபது தடவை “மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம்.” கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் டியூட்டி நேரத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்வாள். அவளிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சனி, ஞாயிறுகளில் எங்கே போகிறாள் என்பதுதான் அது.

அவள் அண்ணனுடைய பாட்டுக் குழுவில் இரண்டாவது கிட்டார் வாசித்தாள். கல்யாண மண்டபம், கம்பெனி விழா, கடைத் திறப்பு என்று வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். அண்ணன் முன்னால் நின்று பாடுவான். முதல் கிட்டாரும் அவனே. அவள் இடதுகைக்காரி. அண்ணன் பழசாக்கிக் கொடுத்த வலதுகைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஓட்டினாள். அப்படித் திருப்பிப் பிடித்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கீழே இருக்க வேண்டியது மேலே வந்துவிடும். வாசிப்பவளுடைய முழங்கை அதில் இடிக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கோ கைக்கு எட்டின பழம்.

அண்ணன் அதைத்தான் செய்தான். பாட்டு நடுவே சிரித்துக்கொண்டே வருவான், தங்கையின் தோளில் செல்லமாகக் கை போடுவதுபோலச் சாய்வான், போகிற போக்கில் குமிழை ஒரு திருப்புத் திருப்பிவிட்டுப் போவான். கூட்டம் கை தட்டும். எவ்வளவு பாசமான அண்ணன் என்று முன்வரிசைப் பெண்கள் உருகுவார்கள். அவள் கிட்டார் அந்த இடத்தோடு செத்துப்போகும். கையை எடுத்துக் குமிழைத் திரும்பக் கூட்டுவதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

இதை அவள் சொல்லாமல் இல்லை. அம்மாவிடம் சொன்னாள், அண்ணன் அப்படிச் செய்வானா, உன் முழங்கை பட்டிருக்கும் என்றாள் அம்மா. டிரம்ஸ் வாசிப்பவரிடம் சொன்னாள். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு உங்க முதுகுதான் தெரியுது என்றார் அவர். அண்ணனிடமே ஒரு முறை கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கே தன் புத்தியின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அண்ணன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். இனிமேல் இரண்டாவது கிட்டாருக்கு அண்ணியின் தம்பி வருவான். சின்ன வயசு, பார்க்கவும் நன்றாக இருக்கிறான்.

“உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றான். “நீ வாசிக்கிறது யாருக்கும் கேக்கவே மாட்டேங்குது. கேக்காத ஆளுக்கு மேடையில எதுக்கு இடம்?”

அம்மா குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். கிட்டாரையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னான் அண்ணன். அது குழுவின் சாமானாம். மறுநாளே அதைத் திருப்பி, கம்பி மாற்றி, மைத்துனன் கழுத்தில் மாட்டிவிட்டான்.

அழுது தீர்த்துவிட்டு மறக்கிற ஜாதி இல்லை அவள். இரண்டு வாரம் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் கால்காரரைப் பார்க்கப் போனாள்.

கால்காரர் அதே மருத்துவமனையில் செயற்கைக் கால் செய்து கொடுத்தவர். கால் இழந்தவர்களின் எக்ஸ்ரே படங்களைக் கேட்டு அடிக்கடி அவள் அறைக்கு வருவார், பழக்கம் அப்படி ஏற்பட்டதுதான். வேலையிலிருந்து நின்றபின், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு, அதே உளி, அதே அரத்தோடு எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பித்திருந்தார். காலோ கிட்டாரோ, மாட்டிக்கொள்கிறவனுக்கு வலிக்கக்கூடாது, அவ்வளவுதானே என்பார்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து இடதுகையையும் வலதுகையையும் நாடா வைத்து அளந்தார். விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். பழக்க தோஷத்தில், நோயாளியிடம் கேட்பதுபோலவே கேட்டார்.

“எங்கம்மா வலிக்குது?”

அவள் சொன்னாள். மணிக்கட்டில் ஆரம்பித்து, அண்ணனில் போய் முடித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கால்காரர் குறுக்கே பேசாமல், ஒரு மரத்துண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

பிறகு சாமான்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். மேஜைமேல் பழைய துண்டை விரித்து, கடிகாரக் கடைபோல ஒவ்வொன்றாகப் பரப்பினார். அவள் ஒவ்வொன்றையும் அண்ணனை மனசில் வைத்துக்கொண்டே எடுத்தாள். சுருதி நழுவினால் எப்போதும் அவளைத்தான் கை காட்டுவான். அதனால் கம்பியைக் கவ்விப் பூட்டுகிற முறுக்காணிகள். கம்பி அறுந்தால் முகம் சுளிப்பான். அதனால் கம்பிகளைத் தாங்குகிற பாலம் அசையாத, கனமான பித்தளையில். மேடையில் கறுப்பு எடுபடாது என்பது அவன் கட்சி. அதனால் உடம்பு முழுக்க அட்டைக் கறுப்பு, ஆணித் தலைகூடக் கறுப்பு. கால்காரர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார்.

கம்பியின் ஒலியை வாங்கி அனுப்பும் பிக்கப்பிடம் வந்தபோது தகராறு வந்தது. இருப்பதிலேயே சத்தம் கூடினது எது என்று கேட்டாள். கால்காரர் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சத்தம் போடுவது வேறு, கேட்பது வேறு என்றார். நாலு பேர் கத்துகிற இடத்தில் ஐந்தாவதாகக் கத்தினால் யாருக்கும் கேட்காது. அவர்கள் விட்ட இடைவெளியில் பேசினால்தான் கேட்கும்.

“இடைவெளி வேணாம்,” என்றாள். “அவன் குரல் எங்க இருக்கோ, சரியா அங்கயே வேணும்.”

கைப்பேசியில் அண்ணன் பாடிய பாட்டை ஓடவிட்டாள். கால்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். ஆறு பிக்கப்புகளை மாற்றி மாற்றி ஒரு பலகையில் மாட்டி, அந்தப் பாட்டோடு சேர்த்து வாசிக்கச் சொன்னார். ஐந்தாவதில் அண்ணனின் குரல் ஈரத் துணிபோலத் தொய்ந்து பின்னால் போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கால்காரர் எழுதிக்கொண்டார்.

கடைசியாகக் குமிழ்கள். வெள்ளி நிறம், தங்க நிறம், மரத்தில் கடைந்தது என்று ஒரு டப்பா நிறையக் கொட்டினார். அவள் டப்பாவை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

“குமிழே வேண்டாங்க.”

“அப்புறம் சத்தத்தை எப்படிக் குறைப்பீங்க?”

“குறைக்க மாட்டேன்.”

கால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, ஒரேயடியாக அப்படிச் சொல்லக்கூடாது, வாசிக்கிறவளுக்கு அடக்கவும் தெரிய வேண்டும் என்றார். காலால் மிதிக்கிற ஒரு கட்டை இருக்கிறது. நுனியால் அழுத்தினால் கூடும், குதிகாலால் அழுத்தினால் குறையும். அது தரையில் அவள் பாதத்துக்கு அடியில்தான் இருக்கும். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அது சரி. அதைத் தொடணும்னா அவன் என் கால்கிட்ட குனியணுமே.”

நாலு மாதம் ஆயிற்று. துணி தைக்கும்போது போட்டு அளவு பார்ப்பதுபோல இரண்டு தடவை கழுத்துக் கட்டையை மட்டும் பிடித்துப் பார்க்க வரச் சொன்னார். அவள் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு நூல் அளவு மரத்தை இழைத்தார். கிட்டார் கையில் வந்த நாளில், நாற்பத்து மூன்று வயதில், முதல் முறையாக ஒரு வாத்தியம் தன் உடம்புக்குப் பொருந்தி உட்கார்ந்ததை உணர்ந்தாள். சந்தோஷம்தான். ஆனால் அதற்குக் கீழே கறுவல் அப்படியே கனன்றது. வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம் அண்ணனின் பாட்டுகளையே வாசித்தாள், அவன் பங்கையும் சேர்த்து.

சந்தர்ப்பம் தானாக வந்தது. அண்ணியின் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்து, இரண்டு நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அடுத்த வாரமே ஒரு மருந்துக் கம்பெனியின் ஆண்டு விழா. ஹோட்டல் ஹாலில், மத்தியான விருந்தோடு. அண்ணன் எக்ஸ்ரே பகுதிக்கே வந்தான். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, டோக்கன் எடுத்து உட்காரச் சொல்லி ஆளிடம் சொல்லி அனுப்பினாள். இடுப்பு வலிக்காரர்கள், கை முறிந்தவர்கள் நடுவே பெஞ்சில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே வந்ததும் அம்மா ஆசைப்படுகிறாள் என்று ஆரம்பித்தான். அவள் நீட்டி முழக்க விடவில்லை. வருகிறேன், என் கிட்டாரோடுதான் வருவேன் என்றாள்.

“ஏதோ ஒண்ணு எடுத்துட்டு வா,” என்றான் அவன்.

விழாவில் முந்நூறு பேர் இருந்தார்கள். முதல் பாட்டிலேயே ஹாலில் ஏதோ மாறியது தெரிந்தது. ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்றவர்கள் திரும்பி, பாடுகிறவனைப் பார்க்காமல் கறுப்புக் கிட்டாரைப் பார்த்தார்கள். அண்ணன் குரலை உயர்த்தினான். உயர உயர அது மெலிந்தது.

இரண்டாவது பாட்டில் வந்தான், அதே சிரிப்போடு. தோளில் சாய்ந்தான். கை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே வழவழவென்று மரம்தான் இருந்தது. விரல்கள் மேலே தடவின, கீழே தடவின. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன்போல. அவள் அவனைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே போனாள். கண்ணாடி போட்ட ஒரு பெண் முன்வரிசையில் முகம் சுளித்ததை மட்டும் பார்த்தாள்.

அவன் தரையில் இருந்த கட்டையையும் பார்த்தான். அதன்மேல் அவள் செருப்பு இருந்தது. குனியவில்லை. நேராகப் பின்னால் போய், டிரம்ஸ் பக்கத்தில் இருந்த அவள் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியில் சத்தத்தைக் குறைத்தான். டிரம்ஸ்காரர் அதைக் கண்ணால் பார்த்தார். அடிப்பதை நிறுத்தாமலே ஒரு கையை நீட்டித் திரும்பக் கூட்டிவிட்டார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. மறுபடி போனான், வயரைப் பிடித்து இழுத்தான். ஹால் முழுக்க ‘டப்’பென்று ஒரு சத்தம், பிறகு கிட்டார் இல்லை. முந்நூறு பேரும் பார்த்தது, முன்னால் நின்று பாட வேண்டியவன் ஒரு கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான்.

டிரம்ஸ்காரர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். கீபோர்டும் நின்றது.

“அதைச் சொருகுங்க,” என்றார் டிரம்ஸ்காரர். குரல் பெரிதாக இல்லை, ஆனால் பக்கத்திலிருந்த மைக் அதை வாங்கி ஹாலுக்கே சொன்னது. “சொருகிட்டு நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. பதினோரு வருஷமா அவங்க சொன்னது இதுதானா?”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சொருகினான். அவள் அன்றைக்கு மீதி ஆறு பாட்டையும் வாசித்தாள், கட்டையை நுனிவரை அழுத்தி. அடக்கி வாசிக்க வேண்டிய இடத்தில்கூட அடக்கவில்லை. அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் தப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அம்மா போனில் கத்தினாள். கூடப் பிறந்தவனை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டாயே என்றாள்.

“நான் ஒண்ணுமே பண்ணலம்மா. வாசிச்சிட்டுதான் இருந்தேன்,” என்றாள் அவள். சொன்னது அத்தனையும் உண்மை என்பதில் அவளுக்குத் தனி ருசி இருந்தது.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போவதற்கு முன்பே டிரம்ஸ்காரருக்குப் போன் பண்ணினாள். அவரும் கீபோர்டுக்காரரும் அண்ணனை விட்டு அவளோடு வந்துவிட்டார்கள். அவர்களாக வந்தார்கள் என்று பின்னால் சிலர் சொன்னபோது அவள் திருத்தினாள். இல்லை, நான்தான் இழுத்தேன் என்றாள். பாடுவதற்கு மருத்துவமனையின் நர்ஸ் ஒருத்தி கிடைத்தாள். மருந்துக் கம்பெனி அடுத்த விழாவுக்கு அவர்களைத்தான் கூப்பிட்டது. அண்ணன் கொஞ்ச நாள், பதிவு செய்த இசையை ஓடவிட்டுத் தனியாகப் பாடினான். கல்யாணங்களில் அதற்கும் ஆள் இருந்தது. அவன் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் கிட்டாரைத் தொடுவதை விட்டுவிட்டான் என்று அண்ணி சொன்னாள். அதைக் கேட்டபோது கொஞ்சம் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்து, தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

“உன் கிட்டார் கேட்டா என் பாட்டு நிக்காதுன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும்.”

இத்தனை வருடமாக அவள் கேட்கக் காத்திருந்தது அதுதான். இருந்தும் நன்றி சொல்ல வரவில்லை. அவன், அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு, வீட்டோடு, நம் ஆட்கள் மட்டும் என்றான். தேதியைச் சொன்னான். அவள் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி அருகே போய் விரலை வைத்துப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

“அன்னிக்கு எங்க குழுவுக்கு வேலை இருக்கே,” என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு டிரம்ஸ்காரரைக் கூப்பிட்டு, அந்தத் தேதியில் ஒத்திகை வைத்துக்கொள்ளலாம், காலையிலிருந்து சாயங்காலம்வரை, எல்லோரையும் வரச் சொல்லுங்கள் என்றாள். என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை, சொன்ன சொல் பொய்யாகிவிடக்கூடாது என்றாள்.