பச்சைச் சட்டைக்கு எட்டாம் இடம்

இன்னும் ஆடாத ஆட்டத்தின் முடிவை எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆடி முடிந்ததை எழுதுகிறவர்களுக்கு வாய்க்கும் தூக்கம் எனக்கு வாய்ப்பதில்லை.

லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு கால்பந்துச் சுற்றுப்போட்டி நடத்துகின்றன. எட்டு அணிகள். ஆடுகிறவர்கள் பழைய மாணவர்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் அந்தக் கல்லூரியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். முதல் யார், கடைசி யார் என்று எங்கள் தமிழ் மாத இதழின் பொங்கல் மலரிலேயே நான் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். கல்லூரிகளின் பெயரைச் சொன்னால் இன்றைக்கே தொலைபேசி அடிக்கும் என்பதால் இங்கே சட்டையின் நிறத்தை மட்டும் சொல்கிறேன். உறவினர் பிள்ளைகளின் நடனப் போட்டிக்கு நடுவராக இருந்தவர்கள், இரண்டு சம்பந்தி வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு எந்தக் கறி நல்லது என்று சொல்ல வேண்டி வந்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம்.

மார்கழிப் பயிற்சி

பார்க்காமல் எழுதக் கூடாது என்பது தினசரிப் பத்திரிகையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே மார்கழிக் குளிரில் மஞ்சள் அணியின் பயிற்சியைப் பார்க்க, லண்டன் ஓரத்துச் சட்டனுக்குப் போனேன். கவுன்சில் மைதானம் முழுக்கச் சேறு. வந்திருந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவன் போன கிழமை விட்டுப்போன குளிர்ச்சட்டையை எடுக்க வந்தவன். மற்றவர்களுக்கு ஷிப்ட் அல்லது பரீட்சை.

பயிற்றுநர் பஸ் ஓட்டுகிறவர். தொப்பியில் இருந்து மழை வழிய நின்ற அவரிடம், இந்த முறை அணி எப்படி என்று கேட்டேன். எட்டு மாதத்துக்குப் பிந்திய முடிவை அச்சுக்கு அனுப்ப எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அவர் அவசரப்படாமல் சொன்னார்: "இப்ப ஒண்டும் சொல்லேலாது. நீங்கள் எழுதுங்கோ, நாங்கள் வாசிச்சுத் தெரிஞ்சுகொள்ளுறம்."

கடைசி என்று ஒன்று

எட்டு அணி இருந்தால் எட்டாவது என்று ஒன்று இருந்தே தீரும். இந்தக் கணக்கை இதுவரை எவரும் எனக்கு மன்னித்ததில்லை. இந்த முறை அது பச்சை. அவர்களின் கோல் காப்பாளன் கல்யாணம் கட்டி ஜெர்மனிக்குப் போய்விட்டான். பின்வரிசையில் நின்றவனுக்கு முழங்கால் போய்விட்டது. நேர்மையாக வேறு இடம் கொடுக்க வழியில்லை.

சிக்கல் என்னவென்றால், பச்சையின் பொறுப்பாளர் நேசன் என் மனைவியின் தம்பி. லூயிஷாமில் மின்சார வேலை செய்கிறவன். ஓய்வு நேரம் முழுவதையும் அந்த அணிக்கே கொடுத்தவன். அவனை ஆறாவதில் போட்டால் மைத்துனனுக்குச் சலுகை என்பார்கள். அதே பயத்தில்தான் என் சொந்தக் கல்லூரியான சிவப்பையும் ஐந்தாவதில் வைத்தேன். அங்கே என் மகன் கவின் உதிரி ஆட்டக்காரன். அதாவது கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களின் ஜாக்கெட்டுகளைக் காவல் காப்பவன்.

மலர் வந்த அன்று என் மனைவி அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கடைசி வரி வரைக்கும் போய்விட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்: "எட்டுக் கல்லூரி இருக்க, உங்கட பேனைக்கு என்ர தம்பியோ கிடைச்சவன்?"

மாமன் பாசம்

இந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. பிள்ளை தகப்பன் படித்த கல்லூரிக்கு ஆடலாம், அல்லது தாய்மாமன் படித்த கல்லூரிக்கு ஆடலாம். பெண்கள் கல்லூரிகளுக்கு இங்கே அணி இல்லை. தாய் பக்கத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தாய்மார் சண்டை பிடித்து வாங்கிய விதி இது. பங்குனி மாதப் பதிவு நாள் வரைக்கும் பிள்ளை மனதை மாற்றலாம். அன்றைக்குப் பதினொரு பேரை நிறுத்த முடியாத அணி வெளியே. அதன் இடத்துக்குக் காத்திருக்கும் வேறொரு கல்லூரி உள்ளே வந்துவிடும்.

மலர் வெளிவந்த சில நாளில் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடைக்குப் போனேன். கூரை விளக்கைத் திருத்திக்கொண்டு ஏணியில் நின்றது நேசன். வாசலை அடைத்து நின்ற ஏணியைத் தாண்டி நான் திரும்பிப் போகவும் முடியவில்லை. அவன் கோபப்படாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோல் போடுகிறவன் நீலத்துக்குப் போய்விட்டானாம். இன்னும் மூன்று பேர் மஞ்சளுக்கு. பதினொரு பேர் தேறாவிட்டால் பச்சை இந்த வருடத்தோடு சரி. எல்லாம் சொல்லிவிட்டு, ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்துச் சொன்னான்: "நீங்கள் எட்டெண்டு எழுதினதும் போதும் அத்தான், என்ர பெடியள் எல்லாருக்கும் திடீரெண்டு மாமாவில பாசம் வந்திட்டுது."

முதலிடத்தின் தொல்லை

முதலிடம் கொடுத்த வீட்டிலாவது ஒரு தேத்தண்ணி கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். நீல அணியின் தலைவர் ஒரு கணக்காளர். என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். முதல் என்று எழுதியதிலிருந்து ஒருவனும் பயிற்சிக்கு வருவதில்லையாம். அவர் மனைவிக்கு வேறு கவலை: பேர் அச்சில் வந்ததால் கண்ணூறு. அணியின் சட்டைகளை அடுக்கி வைத்து, செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார். வீட்டின் புகை அலாரம் எழும்பி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் வருத்தம் தெரிவித்தேன். தலைவர் வாசல் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த முறை எங்களை மூண்டாவதில போடுங்கோ, ஐசே. அங்க நிண்டால் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

திருத்தம்

பங்குனி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பச்சை இல்லாமல் போனால் அதற்கு முழங்காலோ ஜெர்மனியோ காரணம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை. பச்சை தேறுகிறது, ஆறாவதாகக்கூட வரலாம் என்று அடுத்த இதழுக்கு ஒரு பத்தி எழுதினேன். பக்கம் வடிவமைக்கிற கார்த்திக் மதுரைக்காரர். பகலில் கணினி வேலை, வார இறுதியில் எங்கள் இதழ். பத்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், எட்டுன்னு எழுதினது உங்க கருத்து. இப்ப ஆறுன்னு மாத்தினா, அது உங்க வீட்டம்மா கருத்து."

பத்தியை நானே அழித்தேன்.

பதிவு நாள்

பதிவுக்கு ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். முன்பு கனடாவில் இருப்பவர்களின் பெயரையும் கொடுத்துச் சமாளித்தவர்கள் இருந்ததால் வந்த கட்டுப்பாடு. லூயிஷாமில் ஒரு பள்ளி மண்டபம். மற்ற அணிகள் சத்தமாக நின்றன. பச்சையின் மேசையில் நேசன் தனியே, கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். நான் தூணோரம் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான்.

முதலில், விட்டுப் போகாத ஏழு பேர் வந்தார்கள். பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நீலத்திலும் மஞ்சளிலும் வருடக் கணக்காகக் கோட்டுக்கு வெளியே நின்ற பெடியள் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து பச்சை மேசையில் நின்றார்கள். கடைசி அணியில்தானே ஆட இடம் கிடைக்கும். மூவருக்கும் பச்சையில் படித்த மாமன் இருந்தான். பத்துப் பேர். மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்து திறப்புக் கொத்தைக் குலுக்கினான். ஏற்பாட்டாளர் நேசனைப் பார்த்தார். நேசன் வாசலைப் பார்த்தான்.

கவின் சிவப்பு அணியின் வரிசையிலிருந்து விலகி, மண்டபத்துக்குக் குறுக்கே நடந்து போய் மாமனுக்குப் பக்கத்தில் நின்றான். நேசனின் கட்டிய கைகள் கீழே விழுந்தன. நான் தூணை விட்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டேன். என் கல்லூரியை விட்டுப் போகிறானே என்றா, மைத்துனன் தப்பினானே என்றா என்று எனக்கே தெரியவில்லை. அருகே போய், எட்டாவது என்று நான் எழுதியதை வாசித்தாயா என்று கேட்டேன். "வாசிச்சனான் அப்பா," என்றான். "அதாலதான் வந்தனான். ரெட்ல எனக்கு ஜாக்கெட் மட்டும்தான்."

ஆவணி

மற்ற ஏழு இடங்களில் ஒன்றுகூட நான் எழுதியபடி வரவில்லை. நீலம் அரையிறுதிக்கே வரவில்லை. சட்டனில் குளிர்ச்சட்டை தேடி வந்த அந்த மஞ்சள் பெடியன்தான் இறுதியாட்டத்தில் கோல் போட்டுக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தான். பச்சை எல்லா ஆட்டத்திலும் தோற்று, நான் எழுதியபடியே எட்டாவதாக நின்றது. கவின் ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரைக்கும் ஓடினான். பந்து பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருந்தது.

கடைசி ஆட்டம் முடிந்ததும் நேசன் சேறு பிடித்த சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். நான் பையின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொடுத்தேன். அவன் பையை இழுத்து மூடிவிட்டுச் சொன்னான்: "தோத்தது உண்மைதான் அத்தான். ஆனா தோக்கிறதுக்கு நாங்கள் இருந்தமே."

நான் பிழையாகச் சொன்ன ஏழு இடங்களையும் லண்டன் மறந்துவிட்டது. சரியாகச் சொன்ன அந்த ஒரே இடத்தோடுதான் தினமும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறேன்.