ரெபேக்காளும் ஆறு குக்கர்களும்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் ரெபேக்காளுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. தங்க வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். அவள் அவர்களுடைய படுக்கை விரிப்பைப் பார்ப்பாள். எந்தக் கறை எந்த அறையிலிருந்து வந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இஸ்திரி மெஷினுக்குப் போகும் நீராவிக் குழாயின் மூட்டு தெறித்தது. நீண்ட விசில் ஒன்று. அப்புறம் அறை முழுக்க வெள்ளை. ரெபேக்காள் தரையோடு தவழ்ந்துபோய், கூட வேலை பார்த்த சந்திரம்மாவின் காலைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். உயிர்ச்சேதம் இல்லை. அவளுடைய இடது முழங்கையில் வெந்த புண் ஒரே மாதத்தில் ஆறியது. விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் ரெபேக்காள் கட்டிலுக்கு அடியில் இருப்பாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தூக்கம் போயிற்று. ஆறு மாதம் கழித்து விரல் மூட்டெல்லாம் வீங்கியது. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. கணவர் ராமதாஸ் அணுபுரம் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். அவர் அவளை டாக்டர் டாக்டராக அழைத்துப் போனார். ஒருவர் மூட்டுக்கு மாத்திரை கொடுத்தார், ஒருவர் வயிற்றுக்கு, ஒருவர் சத்துக்கு. கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, “முடக்குவாதம் இல்லை. ஆனா ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒரு அளவு பதினாலு இருக்கு, அஞ்சுக்குள்ள இருக்கணும். உடம்புல எங்கியோ அழற்சி இருக்கு” என்றார். விசில் கதையைக் கேட்டதும் மேல் மாடிக்கு, மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

மேலே இருந்தது டாக்டர் பூங்கொடி. ரெபேக்காள் உட்காரவே இல்லை.

“மேடம், எனுக்கு வீங்கிகினு கீறது விரலு. மண்டை இல்ல.”

“விரலும் மண்டையும் ஒரே ஆளோடதுதானே அம்மா? உட்காருங்க” என்றார் பூங்கொடி.

அவர் சொன்னது இதுதான். ஆபத்து வந்தால், காயம் படப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகும். வீக்கத்தை உண்டாக்கும் ரசாயனங்களை ரத்தத்தில் விடும். ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் உடம்பு மறுபடி போருக்குக் கிளம்புகிறது. அந்த ரசாயனங்கள் மூளையையும் சும்மா விடுவதில்லை; பயத்தை இன்னும் கூர்மையாக்குகின்றன.

“அப்போ பயத்தால வீக்கமா, வீக்கத்தால பயமா?”

“ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடுதுன்னு நினைக்கிறோம். எது முதல்லன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. உங்களை மாதிரி பயம் இருக்கிற சிலருக்கு ரத்தத்துல இந்த அளவு சரியாவே இருக்கும். வீக்கத்துக்கு மாத்திரை போட்டா பயம் போயிடும்னும் சொல்ல முடியாது. பயத்துக்குத்தான் வைத்தியம் பண்ணப்போறோம்.”

டாக்டருக்கே தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது ரெபேக்காளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உட்கார்ந்தாள்.

வாரம் ஒரு நாள் கண்ணை மூடி அந்தச் செவ்வாய்க்கிழமையை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினமும் நடக்க வேண்டும். வீட்டுப்பாடம், விசில் கேட்பது. முதலில் போனில் சின்னச் சத்தமாக, அப்புறம் தெருமுனையிலிருந்து, அப்புறம் பக்கத்தில்.

திருப்போரூரை ஒட்டிய அவர்கள் தெருவில் இது பரவ அரை நாள் ஆயிற்று. எதிர்வீட்டில் வேண்டா என்று ஒருத்தி; பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை.

“யக்கா! இன்னிக்கு பருப்பு, நாலு விசிலு! ரெடியா?” என்று அடுக்களை ஜன்னலிலிருந்து கத்துவாள்.

ரெபேக்காள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். விசில் வரும். கண்ணில் தண்ணீர் வரும். “இன்னும் மூணு கீது, ஓடிப்பூடாத!” என்பாள் வேண்டா. ஒரு மாதத்தில் மரத்தை விட்டாள். இரண்டாம் மாதம் வேண்டாவின் வாசற்படி.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை. தெருவே ஸ்கோர் கேட்கக் காத்திருந்தது. பதினாலு பதினாறாகியிருந்தது!

“ஏறிகினு கீதே மேடம்! நான் தெனம் செத்துப் பொழைச்சிகினு கீறேன்!”

பூங்கொடி அவள் கன்னத்தைப் பார்த்தார். “வாயைத் திறங்க.” கோரைப் பல் சொத்தையாகி ஈறு பலூன் மாதிரி இருந்தது. “இதுக்கும் ஏறும் அம்மா. சளி பிடிச்சாக்கூட ஏறும்.” பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று நாள் தெருவுக்கு நிம்மதி, அவளால் பேச முடியவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தாள். மதியச் சமையல் நேரம். வேண்டா வீட்டில் ஒன்று அடித்தது. அது முடிவதற்குள் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எதிர்வரிசையில் மூன்று. யாரும் திட்டம் போடவில்லை. ஆறு வீட்டிலும் ஒரே நேரத்துக்குக் கறி வெந்துகொண்டிருந்தது. வேண்டா கரண்டியோடு அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். நடுத்தெருவில் ரெபேக்காள் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. திடீரென்று இரண்டு விரலை வாயில் வைத்து, ஆறு குக்கரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு விசில் அடித்தாள். பல் போன சந்து வழியாகக் காற்று நன்றாகவே போயிற்று.

“இன்னாமே இது!” என்று அப்போதுதான் வந்த ராமதாஸ் பைக்கை விட்டு இறங்கினார். அவள் மறுபடி அடித்தாள். அன்று ஆறு வீட்டுக் கறியும் அவர்கள் வீட்டுக்கு வந்தது.

அடுத்த பரிசோதனையில் நாலு.

“பயம் குறைஞ்சதாலயா, பல்லு போனதாலயான்னு என்னால சொல்ல முடியாது” என்றார் பூங்கொடி. “ஆனா தூங்குறீங்க. விரல் மடங்குது. திங்கக்கிழமை வேலைக்குப் போறீங்க. எனக்கு அது போதும்.”

“எனுக்கு ரெண்டும் ஓகே மேடம்!”

கீழே ராமதாஸ் பைக்கைக் கிளப்பினார். ரெபேக்காள் ஏறப்போனவள், ரத்தம் எடுத்த பெண்ணிடம் நாலு என்று சொல்லிவிட்டு வர உள்ளே ஓடினாள். அவர் கவனிக்கவில்லை. அவள் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்து, திங்கட்கிழமை யார் சமைப்பது என்று பேசிக்கொண்டே திருப்போரூர் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டார். இத்தனை நேரம் அவள் எதிர்த்துப் பேசாததுதான் அவருக்குச் சந்தேகம் தந்தது.

திரும்பி வந்தபோது ரெபேக்காள் ஆஸ்பத்திரிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ராமதாஸைக் கேட்டாள்:

“ஏம்பா, இவங்களுக்கு எந்த டாக்டர் பாக்குறாரு? எனுக்கும் அவரே போதும்.”