வெறும் மாத்திரைக்காரர்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "மாத்திரை அடிக்கிறார்" என்பேன். ஏதோ கள்ளநோட்டு அடிப்பதைச் சொன்ன மாதிரி பார்ப்பார்கள். ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலையில் பொடியை இயந்திரத்தில் கொட்டி அழுத்தி மாத்திரையாக எடுக்கும் வேலை, அவ்வளவுதான். அங்கே அதிகம் செய்வது வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை. பாட்டன் காலத்து மருந்து. இரண்டு டீ குடிக்கும் காசுக்கு ஓர் அட்டை கிடைக்கும்.

மனிதர் மகா அழுத்தக்காரர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். "வாய்க்குப் பூட்டு போட்டிருக்கான், ஆனா மூஞ்சிக்குக் கதவே வைக்கல. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே படிச்ச மூஞ்சி இது" என்பார். அந்தப் படிப்பின் மேல் அவருக்கு அபார நம்பிக்கை. எனக்கும் இருந்தது.

ஒருநாள் புற்றுநோய் டாக்டரம்மா ஒருவர் தொழிற்சாலைக்கு வந்தார். இந்தப் பூச்சி மாத்திரை கட்டியையும் கட்டுப்படுத்தலாம் என்று அவருக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். நோயாளிகள் எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதோடு கூடப் பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே போல் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த வெறும் மாத்திரைக்காகத்தான் அலைந்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனிகள் டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசி, டீ ஆறுவதற்குள் அனுப்பிவிட்டன.

"ஏன்மா, நல்ல விஷயம்தானே?" என்றாராம் முதலாளி.

"இது யார் வேணும்னாலும் செய்யலாம்ங்கற மாத்திரை சார். அவங்க கோடி கோடியா கொட்டி நிரூபிச்சா, மறுநாளே நீங்களும் விப்பீங்க இல்ல?"

"கண்டிப்பா விப்பேன்" என்று முதலாளி சிரித்துவிட்டார். சிரித்தபின் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. "ஞாயித்துக்கிழமை மெஷின் சும்மாதான் கிடக்கு. யாராவது வந்தா செஞ்சுக்கட்டும்" என்றார். யாராவது என்றால் யார்? நம்ம ஆள்தான். ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தூக்கியிருக்கிறார்.

வாரநாளில் மருந்து மாத்திரையை ஆறேழு பேர் சேர்ந்து செய்வார்கள். வெறும் மாத்திரை இவர் ஒருவர் கை வேலை. மருந்து போடாததுதானே, அதில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று நானும் நினைத்தேன். நிறம் ஒத்துவந்தால் கசப்பு ஒத்துவராது. கசப்பு வந்தால் எடை ஒத்துவராது. ஞாயிறுதோறும் மஞ்சள் நாக்கோடு வீட்டுக்கு வந்து, இரண்டு வகையையும் தட்டில் வைத்து, "எது எதுன்னு சொல்லு" என்பார். நான் பார்த்து, மோந்து, புரட்டிச் சொல்வேன். ஆரம்பத்தில் சரியாகச் சொன்னவள், போகப் போகக் குருட்டாம்போக்கில்தான் சொன்னேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆனால் அவரை அவரே ஏமாற்ற முடியவில்லை. மாத்திரை நடுவில் ஒரு கோடு இருக்கிறதல்லவா, வெறும் மாத்திரையில் அந்தக் கோட்டின் விளிம்பு மயிரிழை மழுங்கியிருக்குமாம். எவ்வளவோ பார்த்தும் சரிவரவில்லை. டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க மட்டும் பாக்காம இருந்தா போதும்" என்றார். இவர் எங்கே போய்ப் பார்க்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போதுதான் நாத்தனாருக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து எங்கள் வீட்டில் வந்து தங்கினார். அந்த டாக்டரம்மாவிடமே சிகிச்சை, அந்தச் சோதனையிலேயே சேர்ந்தார். பிழைப்பாரா மாட்டாரா என்று நாங்கள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்க, அவர் வந்த மறுநாளே என் பாத்திரங்களை அடுக்கிவைத்த லட்சணத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார். பாத்திரக் கடை வைத்திருப்பவர், சும்மா இருக்க முடியுமா?

நான் கம்பெனிக்காரர்களைத் திட்டினால் அதற்கும் ஒரு பேச்சு. "நான் மைக் வச்சு இந்தக் குக்கர் நல்லதுன்னு ஊரெல்லாம் கத்தினா, எதிர்க்கடைக்காரன் கொஞ்சம் குறைச்சு வித்துட்டுப் போயிடுவான். நான் கத்துவேனா? வியாபாரின்னா அப்படித்தாம்மா. லாபம் வராத சரக்குக்கு வேற யாராவதுதான் கத்தணும்."

"அப்ப நீங்க கத்துறீங்களா அண்ணி?"

"மருந்துன்னா கத்துறேன். எனக்குக் கொடுக்கறது வெறும் மாவுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கழண்டுக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அங்கேதான் வந்தது வினை. சோதனைக்கு ஆள் சேர்ந்ததே சொற்பம். ஒருவர் விலகினால் அவரைப் பார்த்து நாலு பேர் விலகுவார்கள். காசில்லாமல் இழுத்துக்கொண்டு வந்த சோதனை மொத்தமும் படுத்துவிடும். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரால்தான் மாத்திரையைப் பார்த்துச் சொல்ல முடியும் என்பது அவருடைய அக்காவுக்குத் தெரியும். சொன்னது யார் என்று கேட்காதீர்கள், எனக்கு வாய் நீளம்.

பிறகென்ன, காலையும் மாலையும் முற்றுகைதான். நாத்தனார் உள்ளங்கையில் மாத்திரையோடு வருவார். இவர் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இப்பக் காட்டுக்கா" என்பார். கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்கு ஆனையும் பூனையும் ஒன்று. அந்த நேரத்தில் டீயில் உப்பைப் போட்டிருக்கிறார், என் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். நாத்தனார் முடியெல்லாம் கொட்டின தலையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அந்தச் செருப்பை வாசலில் தோதாக வைக்க ஆரம்பித்தேன்.

ஒரு காலையில் இவர் கண்ணாடியோடு குனிந்து மிக்ஸியைப் பிரித்து வைத்திருந்தார். நாத்தனார் அன்றைக்கு வம்புக்கு வரவில்லை, அசதியாக இருந்தார். குப்பியைத் திறக்கும்போது கை தவறி, மாத்திரை மேஜையில் விழுந்து உருண்டு, நேரே இவர் கையடியில் போய் நின்றது. எடுத்தார். எடுத்தால் கண் பார்க்காமல் இருக்குமா?

முகத்தில் ஈயாடவில்லை. தாடை இறுகி, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. நான் பார்த்தேன், அவர் அக்காவும் பார்த்தார். நாத்தனார் தம்பி முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்திரையை அவர் கையிலிருந்து எடுத்து, தூசியை ஊதி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "மிக்ஸிய சீக்கிரம் மாட்டுடா" என்றார். அவ்வளவுதான்.

இவர் அன்றைக்கே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து பார்த்துவிட்டதைச் சொல்லிவிட்டார். "அக்காகிட்ட சொன்னீங்களா? சொல்லலைன்னா இனியும் வாயத் திறக்காதீங்க" என்றாராம் அவர். அதை இவருக்குச் சொல்லவா வேண்டும்! துணி காயப்போடும்போது, "வெறும் மாத்திரைதானே?" என்று நான் எத்தனை விதமாகக் கேட்டும் ஒரு சத்தம் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் சில நாள் அவரோடு பேசவே இல்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பது வேறு கதை.

நாத்தனார் விலகவில்லை. அதற்குப் பிறகு மாத்திரையை யாரிடமும் காட்டவும் இல்லை. வேளை தவறாமல் விழுங்கினார். காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் இருந்த பெண் "எதுக்கு இந்தக் கசப்பு?" என்று சலித்துக்கொண்டபோது, "முழுங்கும்மா, காசா பணமா" என்று அதட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டும். முடி திரும்ப முளைத்து, கடைக்குப் போக ஆரம்பித்து, எதிர்க்கடைக்காரனோடு பழையபடி சண்டை போடும் அளவுக்குத் தேறினார்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா எல்லோரையும் அழைத்தார். மருந்து மாத்திரை சாப்பிட்டவர்களில் கொஞ்சம் கூடுதல் பேர் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் அடித்துச் சொல்ல இன்னும் பெரிய சோதனை வேண்டும் என்றார். அதற்குக் காசு யார் தருவார்கள் என்று கேட்டதற்கு, "இனிமேதான் அலையணும்" என்று சிரித்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் அவரவர் சாப்பிட்டது எது என்று சொன்னார்.

"உங்களுக்கு மருந்து மாத்திரைதான்மா. அதனாலதான் தேறினீங்கன்னு ஒரு ஆளை வச்சு சொல்ல முடியாது. ஆனா மருந்துதான்."

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார். "அப்ப ஏன்டா அன்னிக்கு மூஞ்சிய எழவு வீடு மாதிரி வச்சிருந்த?"

"சிரிச்சுடுவேனோன்னு பயமா இருந்துச்சுக்கா. அடக்கிக்கிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இவர் திகைத்துப்போய் அக்காவின் தோளைத் தொட்டார். "வெறும் மாத்திரைன்னு நெனச்சியா? அப்புறம் ஏங்க்கா விடாம சாப்பிட்ட?"

"வெறும் மாத்திரைன்னா அது நீ செஞ்சதுடா" என்றார். "எப்படித் துப்புறது?"