டாக்டர் லியாவ் போட்ட நாலு

தைவானின் தைனான் நகரத்து ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களுக்கு டாக்டர் லியாவ் என்றால் கொள்ளைப் பிரியம். அவர்கள் நோயாளியைப் பரிசோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒன்பதுக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. எல்லோருக்கும் எட்டுதான். நாடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கும் எட்டு. முடிந்ததும் எதிர்க்கடையில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி சூப், அவர் செலவில். தலைமை நர்ஸான எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான், ஆனால் முகத்துக்கு நேரே ஒரு குறை சொல்ல வாய் வராது.

கடைசியாக வந்தவள் யூ-சென். அடுத்த வாரம் பெங்கு பக்கம் ஒரு சின்னத் தீவுக்குப் போகிறாள். அங்கே அவள் ஒருத்திதான் டாக்டர். அன்று காலை ஒரு மீன்பண்ணைக்காரரின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கை சரியாகத்தான் போனது, கண் மட்டும் கையை விட்டு நகரவில்லை. அவர் இரண்டு தடவை முகம் சுளித்தார். நான் பார்த்தேன், லியாவும் பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

"பிரமாதம், எட்டு!" என்று சொல்லிவிட்டு லியாவ் எங்களைச் சூப் கடைக்கு அழைத்துப் போனார்.

யூ-சென் கிண்ணத்தைத் தொடவே இல்லை. "என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார். அங்க போய்த் தப்பு பண்ணா தட்டிக்கேக்க ஆளில்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, சாப்பிடு." உடனே கடைக்காரர் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது, கறி ஒரேயடியா வெந்துபோச்சு! இஞ்சிய விறகு மாதிரி வெட்டி வச்சிருக்க!"

எனக்குப் பொறுக்கவில்லை. "சூப்புக்கு மட்டும் இவ்வளவு வாயா டாக்டர்? சூப் கெட்டுப்போனா யாரும் சாகப்போறதில்ல."

"அவ மனசு கஷ்டப்படும் சிஸ்டர்."

"எட்டு வாங்கிட்டுத்தான் சார் கஷ்டப்படுறேன்," என்றாள் யூ-சென். கண் கலங்கியிருந்தது.

லியாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அழுத்தும்போது நீ அவர் முகத்தையே பாக்கல. ரெண்டு தடவ வலிச்சுது அவருக்கு. வாய் திறந்து சொல்ற ஆளில்ல அவரு." ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "நாலு." அடி வாங்கியவர் அவர்தான் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

அவள் அழவில்லை. "இன்னொரு தடவ செஞ்சு காட்டட்டுமா?"

வார்டுக்குத் திரும்பியதும் காலியாக இருந்த கட்டிலில் லியாவே படுத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினாள். வலது விலாவுக்குக் கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? நான் ஒண்ணும் சொல்லலியே."

"இங்க வலிக்குது உங்களுக்கு. எத்தனை நாளா சார்?"

லியாவ் திருதிருவென்று விழித்தார். "ஒரு மாசமா," என்றார் மெல்ல. "சொன்னா எல்லாரும் கவலப்படுவீங்கன்னு..."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதையெல்லாம் மிஞ்சி அந்தப் பெண்ணைப் பற்றிய சந்தோஷம். "இப்பவாவது எட்டு போடுவீங்களா டாக்டர்?"

"காலைல பாத்ததுக்குத்தான் மார்க்கு," என்று சொல்லிப் படுத்தபடியே மதிப்பெண் தாளில் நாலைப் பதிந்தார்.

"சரி சார், நாலே இருக்கட்டும். எந்திரிங்க, ஸ்கேன் எடுக்கணும்," என்று யூ-சென் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.