முட்டை உடைந்த இடத்தில் விளக்கைப் போட்டார்கள்

வேகவைத்த மல்லாட்டை வாசனை... அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

அடி அண்ணாமலை பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், பாக்கெட்டில் வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, சூடாகத் திணித்துக்கொண்டு, டவுன் தியேட்டருக்கு வரிசையாக நடந்து போனோம். பாதிப் பேருக்கு அதுதான் முதல் தியேட்டர். எனக்கும், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த என் சிநேகிதி மலருக்கும் கூட.

டைனோசர் கார்ட்டூன் படம். டைனோசர்கள் தமிழ் பேசின! கொம்பு வைத்த குண்டன் ஒருவன், நீளக் கழுத்துக்காரி ஒருத்தி, காலை விந்தி நடக்கும் குள்ளன் ஒருவன். காடு காய்ந்துபோய், தண்ணீர் தேடிப் போகிறார்கள். வழியில் ஒரு முட்டை கிடக்கிறது. யாருடையது என்று தெரியாது. உள்ளே இருப்பது புல் தின்னும் குட்டியா, இவர்களையே தின்னப்போகும் குட்டியா என்றும் தெரியாது. ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

மலர் மல்லாட்டையை உரிக்கவே மறந்துவிட்டாள்.

கடைசியில் ஒரு குகைக்குள் முட்டையில் விரிசல் விடுகிறது. மூன்று பேரும் குனிந்து பார்க்கிறார்கள். ஓடு விலகுகிறது...

பளிச்சென்று விளக்கைப் போட்டார்கள். திரை வெள்ளையாகிவிட்டது.

அன்று மேட்னியில் ஒரு பெரிய நடிகரின் புதுப்படம். வாசலில் கூட்டம் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் உள்ளே வந்து எங்கள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: "பொம்ம படந்தானே சார். பசங்க பார்த்த வரைக்கும் போதும். வெளிய ஜனம் ஜாஸ்தியாயிடுச்சு."

ஹெட்மாஸ்டர் உடனே எங்கள் பக்கம் திரும்பினார். "எழுந்திரிங்க, லைன்ல வாங்க" என்றார்.

முப்பத்தொன்பது பேர் எழுந்துவிட்டோம். மலர் மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "சார், முட்டையில இருந்து என்னா வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

அவர் சிரித்தார். "ஆம்லெட் வந்துச்சு. கெளம்பு."

ஹெட்மாஸ்டரும் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பெரியவர்கள் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். மலரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, வெளியே இழுத்து வந்தார்கள்.

மறுநாள் பிரேயரில் அவளை முட்டி போட வைத்தார்கள். பள்ளி மானத்தை வாங்கிவிட்டாளாம். யார் மானத்தை யார் வாங்கியது? பத்து வயதுப் பிள்ளை கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அங்கே ஒரு பெரியவருக்கும் துப்பில்லை.

அன்றிலிருந்து அவள் பெயர் ஆம்லெட். பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்... பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த நானே.

போன வாரம் மதிய இடைவேளையில் ஃபோன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. யாரோ முழுசாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் மிகக் கம்மி. கீழே இருந்த கமெண்ட் இரண்டே இரண்டு. ஒன்று, 'மொக்கை'. இன்னொன்று, 'இதெல்லாம் ஒரு படமா'.

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படத்தை முதலிலிருந்து ஓட விட்டேன். முட்டையைப் பனியிலிருந்து காக்க அந்தக் குள்ளன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற காட்சியைப் பார்த்துவிட்டா மொக்கை என்கிறார்கள்?

ஓடு விலகும் இடம் வந்தது. நிறுத்திவிட்டேன். பார்க்க எல்லோரையும்விட உரிமை உள்ளவள் ஒருத்தி இருந்தாள்.

மலர் இப்போது கீழ்பென்னாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், கல்லா மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். திரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

ஓடு விலகியது. குட்டி எட்டிப் பார்த்தது. வாய் நிறையக் கூரான பல்.

இவர்களைத் தின்னும் சாதிதான். மூன்று பேரும் அலறிக்கொண்டு குகையை விட்டு ஓடுகிறார்கள். குட்டி தனியாகக் கத்துகிறது. கொஞ்ச நேரம் கழித்து, குள்ளன் மட்டும் விந்தி விந்தித் திரும்பி வருகிறான்...

மலர் ஃபோனின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். "இன்னும் இருவது நிமிஷம் இருக்குதுடி!"

"ஆமா."

"கதையே இங்கதான்டி ஆரம்பிக்குது. இதையா வெட்டுனாங்க?" ஃபோனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "நான் ஒரே ஒரு சீன்தான் போச்சுனு நெனச்சிட்டிருந்தேன்..."

"மலரு, நானும் உன்ன ஆம்லெட்னு கூப்ட்டேன்."

"தெரியும். நீ கூப்ட்டப்பதான் ஜாஸ்தி வலிச்சுது. பேசாத, படத்தப் பாரு."

அப்போது ஒருவர் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். "ரெண்டு காப்பி போடும்மா. அவசரம்."

"இருவது நிமிஷம் இருங்கண்ணா. படம் முடியல."

அவர் எட்டிப் பார்த்தார். "இதுவா? பொம்ம படமாச்சே!"

"ஆமா, பொம்ம படந்தான்" என்றாள் மலர், கண்ணை எடுக்காமல். "உக்காருங்க."

அவர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். படம் முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவுதான். ஒரு மனுஷன் உட்கார்ந்து காத்திருந்தார், ஊர் ஒன்றும் முழுகிப் போகவில்லை. அன்றைக்கும் எங்களுக்கு வேண்டியிருந்தது இருபது நிமிடம்தான்.