ஸ்போக்கா, அலாயா?

சதீஷ், மாகறல் ரோட்டில் என்னை விட்டுவிட்டுப் போனது நீதான்.

உங்கள் ஞாயிறு பைக் ரைடில் சேரத்தான் ஸ்போக், அதாவது கம்பிச் சக்கரம் வைத்த பழைய பாணி பைக் ஒன்றை வாங்கினேன். முதல் ஞாயிறே பின்சக்கரம் பஞ்சர். ஒருவரும் திரும்பி வரவில்லை.

பால்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "தனியாவாபா வந்த?"

"பசங்க முன்னாடி போறாங்க, வந்துடுவாங்க."

"அப்ப வர்ற வரைக்கும் இருக்கேன்பா."

வெயில் ஏறியது. அவர் கேனில் பால் இருந்தது. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலேயே, "வாபா, தள்ளிக்கினு போலாம்" என்றார்.

பஞ்சர் கடையிலிருந்து நம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை எழுதினேன். "ஸ்போக்க கழட்டு மச்சி, அலாய் போடு" என்றாய். "ஸ்போக்தான்டா கெத்து" என்றான் இன்னொருவன். ராத்திரி வரை சக்கரத்துக்காகச் சண்டை. நான் வீடு வந்தேனா என்று ஒருவனும் கேட்கவில்லை.

அலாய் சக்கரம் போட்டால் டியூப் இல்லாத டயராம், பஞ்சரோடும் கொஞ்ச தூரம் போகலாமாம். யாரோடு போக?

சதீஷ், எனக்கு முன்னால் போன உன் பைக் கண்ணாடியில் நான் நின்றதைப் பார்த்தாயா, இல்லையா? அதே குரூப்பில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்.